வலி இறங்கிய இடம்

மரகதவல்லி தன் வாழ்க்கையில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றே ஒன்றுதான்.

ஈரோடு நீதிமன்றத்தில் இருபது வருடங்கள் வழக்கறிஞராக இருந்தவள் அவள். "ஒவ்வொரு வரியையும் படிங்க, புரியலைன்னா பேனாவைத் தொடாதீங்க" என்று கட்சிக்காரர்களிடம் சொல்லிச் சொல்லியே பேர் வாங்கியவள். ஆனால் அன்று காலை பதினோரு மணிக்கு, புன்னைத்துறைக் கடற்கரை விடுதியின் வரவேற்பு அறையில், கண்ணாடிக் கதவு ஒவ்வொரு முறை திறந்தபோதும் கடற்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. வலது கன்னத்தை மறைத்துச் சால்வையை இறுக்கிப் பிடித்தபடி அவள் நின்றாள். அந்தக் காற்றிலிருந்து தப்பிக்க எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

"ஒருக்கா படிச்சுப் பாத்துட்டுப் போடு கண்ணு" என்றார் அவள் கணவர் குழந்தைவேல்.

அவள் பதில் சொல்லவில்லை. பேச வாயைத் திறந்தால் வலி வரும். காரிலிருந்து இறங்கியது முதல் அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒருநாள் பல் துலக்கும்போது அது தொடங்கியது. வலது கன்னத்துக்குள் ஒரு வெட்டு. மின்சாரம் பாய்ந்த மாதிரி, இரண்டு நொடி. பல்வலி என்று நினைத்து இரண்டு பற்களைப் பிடுங்கிய பிறகுதான் முகத்து நரம்பின் கோளாறு என்று தெரிந்தது. மாத்திரைகள், இரண்டு அறுவை சிகிச்சைகள், எதுவும் நிலைக்கவில்லை. மெல்லும்போது வந்தது. முகம் கழுவும்போது வந்தது. மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கொலை வழக்கில் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தபோது, கேள்வியின் நடுவில் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு நீதிமன்றத்துக்குப் போகவில்லை.

விடுதியின் மருத்துவர் வைஷாலிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சென்னைப் பேச்சு. மரகதவல்லியின் காதுக்குப் பின்னால் பொட்டு அளவுக்கு ஒரு தகட்டை மிக மெதுவாக ஒட்டினாள்.

"இது மருந்து இல்ல மேடம், மயக்கமும் இல்ல. உங்க நரம்பு அனுப்பற வலியை எடுத்து வேற இடத்துல இறக்கிடுவோம். ரோட்டோரத்துல சுமைதாங்கிக் கல்லு பார்த்திருப்பீங்க, தலைச்சுமையோட வர்றவங்க கொஞ்ச நேரம் இறக்கி வெக்கறதுக்கு. அந்த மாதிரிதான். நாங்களும் அதுக்குத் தாங்கின்னுதான் பேர் வெச்சிருக்கோம். விடுதி எல்லைக்குள்ள இருக்கற வரைக்கும் வேலை செய்யும்."

"அஞ்சு நாள் கழிச்சுங்க?" என்று கேட்டார் குழந்தைவேல்.

"சுமையைத் திரும்ப எடுத்துக்கிட்டுத்தான் போகணும் சார். ஆனா அஞ்சு நாள் நல்லா சாப்பிட்டு, நல்லா தூங்கினா, அடுத்து வர்ற நாளைத் தாங்கறதுக்கு ஒரு தெம்பு வரும். இங்க வர்றவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

எந்த இடத்தில் இறங்கும் என்று மரகதவல்லி கேட்கவில்லை. நிலவறையில் எங்கேயோ குளிர்ச்சியாக உறுமிக்கொண்டிருக்கும் ஒரு இயந்திரத்தை அவள் மனம் தானாகவே கற்பனை செய்துகொண்டது. வைஷாலி கைபேசியில் எதையோ தட்டினாள். அவ்வளவுதான். வலி வருமோ என்று இறுகியிருந்த தாடை தளர்வதற்கு மட்டும் இன்னும் கால் மணி நேரம் ஆனது.

அவளை மணலுக்கு அழைத்துப் போனார் குழந்தைவேல். அவள் சால்வையை விலக்கினாள். காற்று கன்னத்தில் அறைந்தது. வெறும் காற்று. உப்பும் ஈரமுமாக இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். குழந்தைவேல் கையை உயர்த்தி, தயங்கி, பிறகு விரல்நுனியால் அவளுடைய வலது கன்னத்தைத் தொட்டார். ஒன்பது வருடங்களில் அவர் அந்தப் பக்கத்தைத் தொட்டதில்லை.

"வலிக்குதா?"

"இல்லீங்க" என்றாள். அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மதியம் அவள் நெத்திலி வறுவலைக் கேட்டு வாங்கி மொறுமொறுவென்று மென்றாள். அப்பளத்தை ஒன்றன்பின் ஒன்றாக நொறுக்கினாள். பரிமாறியவர் சிரித்துக்கொண்டே இன்னொரு தட்டு கொண்டுவந்து வைத்தார். சாயங்காலம் வரை பேசிக்கொண்டே இருந்தாள். பழைய வழக்குகள், நீதிபதிகளின் குணங்கள், கல்லூரியில் படிக்கும் மகளைப் பற்றிய கவலை என்று மூன்று வருடங்களாகச் சேர்ந்துபோனதெல்லாம் வந்தது. குழந்தைவேல் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் கடலில் இறங்கி அலையை முகத்தில் வாங்கினாள்.

மூன்றாம் நாள் மதியம் குழந்தைவேல் தூங்கிவிட்டார். மரகதவல்லி வறுத்த நிலக்கடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கப் போனாள். நீச்சல் குளத்தைத் தாண்டி, சவுக்குத் தோப்பைத் தாண்டிப் போனபோது தாழை வேலிக்குப் பின்னால் தாழ்வான ஒரு கட்டடம் தெரிந்தது. அந்த வெயிலிலும் சன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. கண்ணாடிக்குள் பிரம்பு நாற்காலிகளில் சில பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் விடுதி ஊழியர்களின் இளநீலச் சேலையில் இருந்தார்கள். ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி தரையில் ஒருக்களித்துச் சுருண்டு படுத்திருந்தாள்.

சன்னலோரத்தில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண். வலது உள்ளங்கையைக் கன்னத்தின் அருகே வைத்திருந்தாள். கன்னத்தைத் தொடவில்லை. ஒரு விரற்கடை தள்ளி நிறுத்தியிருந்தாள். அந்தக் கையை மரகதவல்லிக்குத் தெரியும். ஒன்பது வருடங்களாகக் கண்ணாடியில் பார்த்த கை அது.

வாயிலிருந்த கடலையை அவள் கடித்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

மரகதவல்லி மெல்லுவதை நிறுத்தினாள். அந்த முகம் மெதுவாகத் தளர்ந்தது. மிச்சத்தை விழுங்குவதற்காக ஒருமுறை மென்றாள். மறுபடியும் இழுத்தது.

மூன்றாவது முறை அவள் இன்னொரு கடலையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தது பசிக்காக இல்லை. சோதிப்பதற்காக. நிச்சயமாகத் தெரிந்துகொள்வதற்காக. பின்னாளில் அவள் நடந்த எல்லாவற்றையும் பலரிடம் சொன்னாள், இந்த மூன்றாவது கடியைத் தவிர.

அந்தப் பெண் கண்ணைத் திறந்தபோது நேராக இவளைப் பார்த்தாள். எழுந்து பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். மார்பில் ஜெசிந்தா என்று பெயர்ப்பட்டை இருந்தது.

"நீங்கதான் பதினெட்டாம் நம்பர் ரூமா?"

"எப்படித் தெரியும்?"

"நீங்க மெல்லுறத நிறுத்தினதும் இதுவும் நின்னுட்டுல்லா." ஜெசிந்தா வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இங்கன வரக் கூடாதும்மா. யாரும் பாத்தா என்னையத்தான் ஏசுவாங்க."

"உங்களுக்கா வருது? நான் ஏதோ மெஷின்னு நெனச்சேன்."

"மெஷினுக்கு நோவுமா?"

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். பிறகு சுவரோரம் நிழலில் ஒதுங்கி நின்று, இடது பக்கத்து உதடுகளை மட்டும் அசைத்துப் பேசினாள்.

"டாக்டரம்மா சொல்லித்தான் தந்தாங்க. நோவுன்னா நரம்பு சொல்லுத சேதியாம். அத ஒருத்தரு கேட்டாத்தான் அடங்குமாம். வாயப் பொத்தினா ரெட்டிப்பாக் கத்துமாம். மெஷின வச்சுக் கேக்க வச்சுப் பாத்திருக்காங்க, நோவு ஏமாறலியாம். உசுருள்ள மண்டைக்குள்ளதான் எறங்குமாம். அதான் நாங்க."

"எத்தனை நாளா இந்த வேலையில இருக்கீங்க?"

"இந்த ஓட்டல் வந்ததுலேர்ந்து. இது எங்க ஊருக் கடக்கரைதான். வள்ளம் நிப்பாட்ட எடம் இல்லாமப் போனதும், ஆம்பளையெல்லாம் வெளியூரு போயிட்டாங்க. பொம்பளைகளுக்கு வேல தாரோம்னாங்க. ஒடம்ப சோதிச்சுப் பாத்து எடுத்தாங்க. எனக்கு நல்ல ஒடம்பாம், எதையும் தாங்குமாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "முந்தாநாளு மதியம் என்னம்மா சாப்பிட்டீங்க? விடாம அடிச்சுது."

மரகதவல்லி கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை மடித்தாள். "நெத்திலி வறுவல். அப்பளம்."

"அதானே பாத்தேன்." ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அடக்கிக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா."

"இதுல என்ன இருக்கு. கிட்னில கல்லு உள்ளவரு, இடுப்பெலும்பு தேஞ்சவங்க, எல்லாருடையதும் பாத்தாச்சு. அஞ்சு நாளு, பொறவு போயிரும். ஆனா உங்களுது வேற மாதிரிம்மா. மத்தது நெடுக வலிக்கும், வலிச்சு வலிச்சுப் பழகிரும். இது வலிக்காத நேரத்துலயும் விட மாட்டேங்கு. இந்தா வருது, இந்தா வருதுன்னு காத்துக்கெடக்கச் சொல்லுது. வந்துட்டாக்கூடத் தேவல. அந்தக் காத்துக்கெடக்கது இருக்கே, அதுதான் ஆள முறிக்கு."

மரகதவல்லி அசையாமல் நின்றாள். ஒன்பது வருடங்களில் எத்தனையோ மருத்துவர்களிடமும், கணவரிடமும், மகளிடமும் அவள் சொல்லத் தெரியாமல் விட்டது இதைத்தான். முன்பின் தெரியாத ஒரு பெண் அதை வார்த்தை பிசகாமல் சொல்லிவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. உதடு கோணி முகம் சுருங்கியதும் ஜெசிந்தாவின் கை கன்னத்தை நோக்கி உயர்வதைப் பார்த்தாள். அழுகையையும் நிறுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் அறையின் பால்கனியில் உட்கார்ந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவங்க சம்மதிச்சுத்தானே வந்திருக்காங்க மரகதம்?"

"நானும் சம்மதிச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன். படிச்சேனா?"

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. ஒம்பது வருஷம் உன் பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்திருக்கேன். நீ பல்லைக் கடிக்கறப்ப நான் தண்ணி டம்ளரைப் பிடிச்சுட்டு நிப்பேன், அவ்வளவுதான் என்னால ஆனது. முந்தாநேத்து நீ அப்பளம் தின்னதைப் பாத்து, அன்னிக்கே செத்தாலும் பரவாயில்லைன்னு இருந்துச்சு. இன்னும் ரெண்டு நாள் கண்ணு. அதுக்கப்புறம் எப்படியும் திரும்பி வரத்தான் போகுது."

அவர் குரல் உடைந்ததை மரகதவல்லி கவனித்தாள். இவரிடம் கோபப்பட முடியவில்லை என்பதே அவளுக்குக் கோபமாக இருந்தது.

"அந்த ரெண்டு நாளும் நான் என்ன சாப்பிடறதுங்க? எதை வாயில வெச்சாலும் அவங்க மூஞ்சிதான் தெரியும்."

மறுநாள் காலை மருத்துவ அறையில் அவள் காதைக் காட்டி உட்கார்ந்தாள். "இதை எடுத்துருங்க டாக்டர்."

வைஷாலி காரணம் கேட்கவில்லை. யாரோ சொல்லியிருக்க வேண்டும். "அவங்களை இங்க யாரும் கட்டாயப்படுத்தல மேடம். மருத்துவக் கவனிப்பு இருக்கு, ஓய்வு இருக்கு. வலி மட்டும்தான் போகும், நோய் போகாது. அவங்க உடம்புக்கு எந்தச் சேதாரமும் கிடையாது."

"வலி சேதாரம் இல்லைன்னு யார் சொன்னது? உங்களுக்கு வந்திருக்கா?"

வைஷாலி தகட்டை எடுத்தாள். மரகதவல்லி நாற்காலியின் கைகளைப் பற்றிக்கொண்டு காத்திருந்தாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வைஷாலி சன்னலைத் திறந்தாள். காற்று உள்ளே வந்து கன்னத்தில் பட்டது. ஒன்றும் இல்லை. ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தாள். ஒன்றும் இல்லை.

வைஷாலி திரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை என்பதை, இருபது வருடங்களாகச் சாட்சிகளின் முகத்தைப் படித்த மரகதவல்லி கண்டுகொண்டாள்.

"சில பேருக்குத் திரும்பி வர்றதுக்குக் கொஞ்சம் டைம் எடுக்கும்" என்றாள் வைஷாலி.

அன்று மதியமே கிளம்பிவிட்டார்கள். காரில் அவள் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள். மதுரையில் வரவில்லை. கரூரில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பல் துலக்கினாள். வரவில்லை.

ஒரு வாரம் அப்படிப் போனது. காலையில் எழுந்ததும் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். எட்டாம் நாள் தொட மறந்துவிட்டாள். அதை மதியம்தான் உணர்ந்தாள். உணர்ந்தபோது வந்த மகிழ்ச்சியை அவளால் மறைக்க முடியவில்லை. நீதிமன்றத்துக்குப் போனாள். பொய் வழக்கில் சிறையில் இருந்த ஒரு தறித்தொழிலாளிக்காக முக்கால் மணி நேரம் வாதாடி ஜாமீன் வாங்கினாள். அவருடைய மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மகள் விடுமுறைக்கு வந்து, "அம்மா, உங்க கொரலு எனக்கு மறந்தே போச்சு" என்றாள்.

அன்றைக்குத்தான் அவள் விடுதிக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"எனக்கு இன்னும் வரல டாக்டர்."

"வாழ்த்துகள் மேடம். சில பேருக்கு நிரந்தரமாவே போயிடுது. ரொம்ப நாள் பழகின நரம்பு வலியில மட்டும் அப்படி நடக்குது."

"போயிடுதுன்னா, எங்க போயிடுது?"

மறுமுனையில் ஏதோ ஒரு கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. பிறகு வைஷாலி தணிந்த குரலில் பேசினாள். "வலிக்கு ஒரு வழி இருக்கு மேடம். புது வழி நல்லாப் பழகிட்டா, பழைய வழியை மறந்துடுது. தகட்டை எடுத்ததுக்கு அப்புறமும் அங்கயே தங்கிடுது. அதுக்கப்புறம் தாங்கினவங்க மென்னா அவங்களுக்கே வரும்."

"ஜெசிந்தாகிட்டயா?"

"ஆமா."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இது மூணாவது தடவை." வைஷாலி மூச்சை இழுத்து விட்டாள். "திருப்ப முடியும். தலைகீழா இணைக்கணும். அவங்க விருந்தாளியா இருக்கணும், நீங்க தாங்கியா இருக்கணும். ரெண்டு பேரும் சம்மதிச்சா நான் செய்யறேன். மேலிடத்துல கேக்க மாட்டேன்."

மரகதவல்லி உடனே கிளம்பினாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவள் கிளம்பவில்லை. தறித்தொழிலாளியின் வழக்கு இருந்தது. நாத்தனார் மகன் கல்யாணம் இருந்தது. கல்யாணத்தில் முறுக்கைக் கடித்தபோது மட்டும் ஒரு கணம் கை நின்றது. பிறகு யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். இப்படிப் பதினெட்டு நாட்கள். பத்தொன்பதாம் நாள் ஒரு வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சியிடம், "தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்தீங்க?" என்று கேட்டாள். அந்த மனிதர் சொன்ன பதில் அவள் காதில் விழவில்லை.

வீட்டில் குழந்தைவேலிடம் சொன்னபோது அவர் தடுக்கவில்லை. "திரும்பி வர்றப்ப எப்படி வருவே?" என்று மட்டும் கேட்டார்.

"முன்னாடி இருந்த மாதிரிதாங்க."

அவர் தலையை ஆட்டினார். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம் வரை வந்தார். வண்டி நகரும்வரை சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

வைஷாலி சொன்ன அடையாளப்படி ஜெசிந்தாவின் வீடு விடுதிக்குப் பின்புறம், மீனவர்களுக்கென்று கட்டிக் கொடுத்த குடியிருப்பில் இருந்தது. காலை ஒன்பது மணி. தெருவில் எல்லா வீடுகளும் கதவைத் திறந்து காற்றை வாங்கிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. தட்டியதும் ஜெசிந்தா கொஞ்சமாகத் திறந்து பார்த்தாள். இளைத்திருந்தாள்.

"பதினெட்டாம் நம்பரு" என்றாள். "சீக்கிரம் உள்ள வாங்கம்மா, காத்து வருது."

உள்ளே புழுக்கமாக இருந்தது. மரகதவல்லி உட்கார்ந்ததும், வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். டாக்டரிடம் பேசிவிட்டதாகவும், வலியைத் தான் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதாகவும், அதற்குப் பிறகு விடுதி மேல் வழக்குப் போடப் போவதாகவும் சொன்னாள். "உங்க சம்மதம் மட்டும் வேணுங்கக்கா. இன்னிக்கே முடிச்சிரலாம்."

ஜெசிந்தா கதவை இன்னும் இறுக்கிச் சாத்தினாள்.

"இதுக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"இது என்னோடது. நான்தான் தூக்கணும்."

"தர மாட்டேன்ம்மா."

மரகதவல்லிக்குப் புரியவில்லை. ஜெசிந்தா வலது கையைக் கன்னத்தருகே கொண்டுபோய், ஒன்றும் வராததால் இறக்கினாள். பிறகு மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஒண்ணு தங்கிட்டா பொறவு வேற எதுவும் ஏறாதாம். எடம் நெறஞ்சு போச்சாம். ஏத்திப் பாத்தாங்க, ரெண்டு தடவ. ஏறல. என்னைய சலவைக்கு மாத்திட்டாங்க. துணி மடிக்க வேல. எனக்கு முன்னால ரெண்டு பேருக்கு இப்பிடித் தங்கிச்சு, அவளுகளும் வெளிய வந்துட்டாளுக." அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "உங்களுக்கு முன்னால ஒரு பிள்ள வந்துதும்மா. தீக்காயம். இருவத்திரண்டு வயசாம். அது அங்க வெளயாடிட்டு கெடந்துது, சந்தோசம். நான் இங்க என் கையப் பாக்கேன், வெந்த மாதிரி இருக்கு, ஆனா தோலு நல்லாக் கெடக்கு. ராவும் பகலும் பாத்துக்கிட்டே இருந்தேன். இது என் கைதானான்னு. அது போன மறுநாளே அடுத்த ஆளு. ஒவ்வொரு கெழமையும் யாரு வாராங்க, என்ன கொண்டு வாராங்கன்னு தெரியாது. இத உங்ககிட்டத் திருப்பித் தந்தா, திங்கக்கெழம என்னையத் திரும்ப அந்த நாற்காலில உக்கார வச்சிருவாங்க."

"வேண்டாம்னு சொல்லிரலாமே. வேலையை விட்டுரலாம். நான் பாத்துக்கறேன்."

"எழுதிக் குடுத்திருக்கோம்ம்மா. வீடே அதுக்குத்தான் தந்தது. ஒடம்பு தாங்குத வரைக்கும்னு போட்டிருக்கு." ஜெசிந்தா குரலை இன்னும் தணித்தாள். "நீங்க கேஸு போடுங்க. உள்ள இருக்க பிள்ளைகளுக்குப் போடுங்க, எங்க வேணும்னாலும் வந்து சாட்சி சொல்லுதேன். ஆனா இத மட்டும் கேக்காதீங்க. இது ஒண்ணேஒண்ணு. எப்பிடி வரும், எங்க வரும்னு தெரியும். யாருடையதுன்னும் தெரியும். இதோட நான் இருந்துருவேன்."

மரகதவல்லிக்கு முதலில் வந்தது நிம்மதி. சால்வையில்லாமல் வீட்டுக்குப் போகலாம், நாளை மறுநாள் வாதாடலாம் என்ற நிம்மதி. அது நெஞ்சில் பரவுவதை அவள் உணர்ந்தாள். அதைத் தொட்டுக்கொண்டே ஒரு அருவருப்பும் வந்தது. எது எந்த அளவு என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கட்சிக்காரரின் நன்மைக்காக வாதாடிப் பழகியவளுக்கு, இங்கே யாருக்காக என்ன வாதத்தை வைப்பது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தாள். எந்தத் தடையும் இல்லாமல் திறந்த அந்த வாயில் ஒரு சொல்லும் வரவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் ஜெசிந்தா. அதுவரை இல்லாத ஒரு கூச்சம் அவள் குரலில் இருந்தது. "இத வச்சுக்கிட்டு எப்பிடிம்மா சாப்பிடுவீங்க? ஆசுபத்திரில கேட்டேன், மெதுவாச் சாப்பிடுங்காங்க. மெதுவாச் சாப்பிட்டா மெதுவா வருது. நேத்துக் காலைலேர்ந்து ஒண்ணும் எறங்கல."

மரகதவல்லி எழுந்து அடுப்படிக்குப் போனாள். நேற்று வடித்த சோறு சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தது. "இது ஆகாது. குளுந்ததும் ஆகாது, சூடும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே சோற்றை மத்தால் கடைந்தாள். தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். இருந்ததிலேயே சின்னக் கரண்டியைத் தேடி எடுத்தாள்.

"ஒரு தடவை வெட்டிட்டுப் போச்சுன்னா, அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் வராது. அந்த நேரத்துலதான் சாப்பிடணும். பயந்துட்டு உக்காந்தீங்கன்னா அந்த நேரம் போயிரும். கடைசியா எப்ப வந்துச்சு?"

"நீங்க கதவத் தட்டுததுக்குக் கொஞ்சம் முன்னால."

"அப்படின்னா இப்பச் சாப்பிடலாம். தலையை இடது பக்கம் சாய்ங்க. இன்னும் கொஞ்சம். நாக்கை மேல தூக்காதீங்க. உதட்டுல படாம உள்ள விடுவேன், மெல்ல வேண்டாம், தானா இறங்கும்."

ஜெசிந்தா தலையைச் சாய்த்து வாயைக் கொஞ்சமாகத் திறந்தாள். மரகதவல்லி கரண்டியை உள்ளே விட்டு, உதட்டில் படாமல் வெளியே எடுத்தாள். தொண்டை அசைந்தது. இருவரும் அப்படியே இருந்தார்கள். வெளியே தெருவில் யாரோ மீன் கூடையை இறக்கி வைத்து விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துச்சா?"

"இல்ல."

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் மரகதவல்லி. அவளுடைய தாடையும் இறுகியிருந்தது. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் பத்து வரை எண்ணினாள். பிறகு அடுத்த கரண்டியை எடுத்தாள்.